மச்சான் பிடித்த கயிறு

சனிக்கிழமை காலையில் என் அண்ணன் கன்னியப்பனை லாக்கப்பிலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்து மலையடியில் இறக்கிவிட்டார்கள். ஷூ கம்பெனிக்கு வந்திருக்கும் வெள்ளைக்காரர்களுக்குக் காடு காட்ட ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமை அதே காட்டுக்குள் போனதற்காகத்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

இதில் ஏதோ இடிக்கிறது என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை. ரேஞ்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரஸ்ட் நடத்துகிற நத்தானியேல் சார், முகூர்த்த நேரத்துக்கு மேளக்காரன் வந்து சேர்ந்துவிட்டது போல நிம்மதியாகச் சிரித்தார்.

"வந்துட்டியாப்பா கன்னியப்பா? சீக்கிரம் சட்டையக் கழட்டு. கெஸ்ட்டுங்க ஆம்பூர்லேர்ந்து கெளம்பிட்டாங்க."

அண்ணன் சட்டையைக் கழற்றினான். முதுகில் லத்தி விழுந்த இடங்கள் கருநீலமாகக் கன்றிக் கிடந்தன. நத்தானியேல் சார் அதைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"இன்னிக்கு மட்டும் ஒரு துண்டு போத்திக்க," என்றார்.

நாங்கள் இருளர். நரிக்கல் மலைக்குள் எங்கள் குடிசைகள் இருந்தன. நான் சிறுமியாக இருந்தபோது அது ரிசர்வ் காடு ஆகிவிட்டது என்று சொல்லி, குடிசைகளைக் கொளுத்திவிட்டு, எங்களை லாரியில் ஏற்றி மாதனூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏரி என்பது பெயர்தான். தோல் பதனிடுகிற ஷாப்புகளின் தண்ணி வந்து விழுந்து, கால் வைத்தால் அரிப்பெடுக்கிற கறுப்புக் குட்டை அது. ஆண்கள் அரிசி மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் போனார்கள். ஷூ கம்பெனி பஸ் எங்கள் காலனியை ஒட்டித்தான் போகும். நிற்காது.

நான் படித்தேன். அதற்கு நான் பட்ட பாட்டை எழுதினால் அது வேறு கதை. வேலூரில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், என் அண்ணனை வெள்ளைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது.

இந்த 'வனநடை' டிரஸ்ட்டின் கண்டுபிடிப்பு. ஷூ ஆர்டர் கொடுக்க வெளிநாட்டிலிருந்து வருகிற பையர்கள் விடுமுறை நாளில் ஆம்பூரில் என்ன செய்வார்கள்? எத்தனை தடவைதான் பிரியாணி சாப்பிடுவார்கள்? ஆகவே காடு. ஆதிவாசி முன்னால் நடப்பான், கிழங்கு தோண்டுவான், கல்லை உரசி நெருப்பு உண்டாக்குவான், பாறையில் தொங்கித் தேன் எடுப்பான். வன இலாகா அனுமதி கொடுத்தது. ஆனால் விருந்தாளிகள் கூட இருந்தால்தான் நாங்கள் உள்ளே போகலாம். தனியாகப் போனால் அத்துமீறல். நாங்கள் பிறந்த காட்டுக்குள் போக எங்களுக்குத் துணைக்கு ஒரு ஜெர்மன்காரர் வேண்டும்.

மலையடியில் வேஷம் மாறும். அண்ணன் பேண்ட்டைக் கழற்றிவிட்டுக் கோவணம் கட்டுவான். அண்ணி எல்லம்மா ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுச் சேலையை மட்டும் சுற்றிக்கொள்வாள். முதல் தடவை அவள் புதருக்குப் பின்னால் போய் வெகுநேரம் வரவே இல்லை. எனக்கு மட்டும் சுடிதார். இங்கிலீஷ் பேசுகிறவள் நாகரிகமாக இருந்தால் பரவாயில்லையாம். எங்கள் குடிசைகளைக் கொளுத்திய அதே இடத்தில் டிரஸ்ட் ஒரு மாதிரிக் குடிசை கட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று, "இவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள்," என்று நான் சொல்ல வேண்டும். வாழ்ந்தார்கள் என்று ஒருதரம் சொன்னேன். வாழ்கிறார்கள் என்றே சொல்லும்மா, அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார் நத்தானியேல் சார்.

நடையின் உச்சம் தேன்பாறை. பாறையின் தலையில் ஒரு பழைய வெக்காலி மரம். அதில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, விளிம்புக்குக் கீழே ஒருவன் இறங்குவான். மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவன் சொல்லச் சொல்ல விடுவான், இழுப்பான். பக்கத்துத் திட்டில் நின்று விருந்தாளிகள் இரண்டு பேரையும் பார்க்கலாம்.

கயிறு பிடிக்கிறவன், இறங்குகிறவனுடைய பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். இது எங்கள் சனத்தின் கட்டு. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. பெற்ற அப்பன்கூடப் பிடிக்கக் கூடாது. பங்காளிக்கு ஒரு நேரம் போல் ஒரு நேரம் இருக்காது, கை நழுவிவிடலாம். மச்சான் கை நழுவாது. நழுவினால் தாலி அறுக்கப்போகிறவள் அவனுடைய அக்கா.

இதை நான் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும் விருந்தாளிகள் எல்லா வாரமும் சிரிப்பார்கள். சில வாரங்களில் கூட வருகிற ரேஞ்சரும் சிரிப்பார். அண்ணிக்குத் தம்பி மூர்த்தி. அண்ணனுக்கு அவன்தான் கயிறு. வாயாடி. என்னை 'பி.ஏ.' என்றுதான் கூப்பிடுவான். அண்ணன் பாதிப் பாறையில் தொங்கும்போது மேலிருந்து கேட்பான்.

"இன்னா மாமா, நேத்து எங்கக்கா வெச்ச கொழம்பு நல்லால்லன்னியாமே? இப்ப சொல்லு, எப்பிடி இருந்துச்சு கொழம்பு?"

"தேனு மாதிரி இருந்துச்சுடா சாமி! கயித்தப் புடி!"

"அப்பிடி வா வழிக்கு. பி.ஏ., இத தொரைங்களுக்குச் சொல்லு."

சொல்வேன். அதற்கும் சிரிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். மழையில் சூளை நின்றுபோயிருந்தது. வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லை. அண்ணனும் மூர்த்தியும் கிழங்கு தோண்ட மலையேறினார்கள். விருந்தாளிகளுக்குத் தோண்டிக் காட்டுகிற அதே இடத்தில் தோண்டினார்கள். ஃபாரஸ்ட் கார்டு பார்த்துவிட்டார். அண்ணன் அகப்பட்டான், மூர்த்தி ஓடிவிட்டான்.

கிழங்குக் கேஸ் பெரிதில்லை. நாலு அடி, கொஞ்ச நாள், வெளியே வந்துவிடலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் மலையின் அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு சந்தன மரத்தை அறுத்து வண்டியில் கொண்டுபோயிருந்தார்கள். யார் என்று ஊருக்கே தெரியும். அவர்கள்மேல் கை வைக்க ரேஞ்சரால் முடியாது. மேலேயிருந்து ஆள் எங்கே ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒற்றை ஆள் மரத்தை அறுத்துத் தூக்கிக்கொண்டு போனான் என்றால் கோர்ட்டில் நம்ப மாட்டார்கள். இரண்டு பேர் வேண்டும்.

அண்ணியும் நானும் ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் போய் நின்றபோது ரேஞ்சர் அதை ஒளிக்கவே இல்லை.

"உன் தம்பி எங்கம்மா? ஒருத்தன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அவனும் வந்தான்னா கேஸு முடிஞ்சிடும்."

எங்களுக்கு விளங்கிவிட்டது. மூர்த்தி அகப்படாத வரைக்கும் அது கிழங்குக் கேஸ். அகப்பட்டால் சந்தனக் கேஸ். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் உள்ளே கிடக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை நத்தானியேல் சார் காலனிக்கு வந்தார். கம்பெனியின் வக்கார் அகமது, இந்த முறை வருகிற பையர்களுக்குத் தேன் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். கன்னியப்பனை ஒரு நாள் அனுப்பக் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்றுதான் இவர் ரேஞ்சரிடம் போனாராம். கேட்டவுடனே சரி என்றுவிட்டாராம்.

"தங்கமான மனுஷன்," என்றார் நத்தானியேல் சார்.

"கயிறு யாரு சார் புடிப்பாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"கார்டு ஒருத்தரு புடிப்பாரும்மா. யாரு புடிச்சா இன்னா, கயிறு ஒண்ணுதானே?"

அவர் போன பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினாள். "இது மூர்த்திக்குத் தெரிஞ்சா வந்துடுவான்," என்றாள்.

"அவன் ஆந்திரா பக்கம் போயிருப்பான் அண்ணி. போகச் சொல்லி அன்னைக்கே ஆள் அனுப்பினோமே."

"காட்ட வுட்டு அவன் எங்கடி போவான்? அங்கதான் எங்கனா படுத்துக்கினு நம்ம எல்லாரையும் பாத்துக்கினு கெடப்பான்."

அண்ணனைப் போகாதே என்று தடுக்க வழியில்லை. அவன் லாக்கப்பில் இருந்தான். மூர்த்தியை வராதே என்று சொல்லவும் வழியில்லை. இப்போது அவன் எங்கே என்றே தெரியாது. அண்ணியும் நானும் சனிக்கிழமை நடைக்குப் போனோம். போகாமல் இருந்தால் எதையும் பார்க்கக்கூட முடியாது.

வெள்ளைக்காரர்கள் ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும். அந்தப் பெண் பெயர் உர்சுலா. அவள்தான் பெரிய பையர் என்பது வக்கார் அகமது அவளுக்குக் குடை பிடித்த விதத்திலேயே தெரிந்தது. நல்ல பெண். கெட்டவள் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும், ஆனால் நல்ல பெண்தான். எங்கள் எல்லார் பெயரையும் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அண்ணி செருப்பில்லாமல் நடப்பதைப் பார்த்து வருத்தப்பட்டாள். செருப்பை மலையடியில் கழற்றி வைக்கச் சொன்னதே டிரஸ்ட்தான் என்று அவளுக்கு யார் சொல்வது?

கிழங்கு தோண்டுகிற இடத்தில் செவ்வாய்க்கிழமைக் குழி மூடாமல் கிடந்தது. அண்ணன் அதற்குப் பக்கத்திலேயே தோண்டினான். கூட வந்த இரண்டு கார்டுகளில் அவனைப் பிடித்தவர், வெற்றிலையை மென்றுகொண்டு, கைகட்டி நின்று பார்த்தார். சுட்ட கிழங்கை உர்சுலா ஊதி ஊதித் தின்றாள். ரேஞ்சருக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். அவர் நன்றி சொல்லி வாங்கித் தின்றார்.

தேன்பாறைக்கு வந்ததும் அண்ணன் நின்றுவிட்டான்.

"தேனு வேணாம் சார். கூடு இல்லன்னு சொல்லிடுங்க."

"அரே, அதோ தெரியுதே கூடு!" என்றார் வக்கார் அகமது. "இதுக்குன்னே வந்திருக்காங்கப்பா. மத்ததெல்லாம் டிவியிலயே பாத்துப்பாங்க. பேஜார் பண்ணாத."

ரேஞ்சர் அண்ணனின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப்போனார். விருந்தாளிகளுக்கு அது சிநேகமாகத் தெரிந்திருக்கும். நான் பின்னாலேயே போனேன்.

"ஒழுங்கா எறங்கிக் காட்டு. உன் மச்சான்தான் இல்லல்ல, அப்பறம் இன்னா? சாயங்காலம் வூட்டுக்குப் போயிடு. கெழங்குக்கு ஒரு ஃபைனக் கட்டினா முடிஞ்சிது."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கண் பாறைகளுக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காட்டில் ஒவ்வொரு புதராகப் போய்க்கொண்டிருந்தது. மூர்த்தி மலையைத் தாண்டிப் போய்விட்டான் என்றுதான் அண்ணன் நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் கயிற்றை இடுப்பில் கட்டினான். அன்னிய ஆள் கயிறு பிடிக்க அவன் இறங்கியது அதுதான் முதல் தடவை.

நான் வழக்கம்போல விளக்கம் சொன்னேன். மச்சான் கட்டு வந்த இடத்தில் எல்லாரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். அப்படியானால் இந்தக் காக்கிச்சட்டைக்காரர் மச்சானா என்று உர்சுலா கேட்டாள். இல்லை என்றேன். மச்சான் எங்கே என்றாள். ஊரில் இல்லை என்றேன்.

அந்த வெற்றிலைக் கார்டு மரத்தடியில் உட்கார்ந்து, காலை நீட்டி, கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்காரர் கேமராவைத் தூக்கினார். கார்டு ஒரு கையை எடுத்து மீசையை நீவினார். கயிறு சரசரவென்று ஓடியது. கீழேயிருந்து அண்ணன் கத்தினான். கார்டு பதறிப் பிடித்தார். பிடித்துவிட்டுச் சிரித்தார்.

முள்ளுக்காட்டிலிருந்து மூர்த்தி வந்தான். ஓடி வரவில்லை. கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்து வந்தான். உடம்பெல்லாம் கீறல். அதே செவ்வாய்க்கிழமைச் சட்டை.

"எடுய்யா கைய," என்றான் கார்டிடம். அவர் வாயைப் பிளந்தபடி கொடுத்துவிட்டார். மூர்த்தி கயிற்றை இடுப்பைச் சுற்றி வாங்கி, காலை மர வேரில் ஊன்றி உட்கார்ந்தான்.

"இவர்தான் அந்த மச்சானா?" என்று உர்சுலா என் கையைப் பிடித்தாள். என் முகத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். காட்சியை இப்படி அமைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள் போல. நத்தானியேல் சாரும் தட்டினார்.

ரேஞ்சர் தட்டவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வாடா மூர்த்தி. நிதானமா எடு. தேன் வரட்டும்," என்றார். கார்டுகள் இரண்டு பேரும் மரத்துக்கு இரண்டு பக்கமும் போய் நின்றார்கள். அங்கே இருந்த எல்லாரையும்விட அதிகப் பொறுமையாக இருந்தவர் ரேஞ்சர்தான். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் ஒரு ஆள் பாறையிலிருந்து விழுவது அவருக்கு ஆகாது.

கீழே அண்ணனுக்குக் குரல் கேட்டுவிட்டது.

"யார்ரா அது? மூர்த்தியா? ஏண்டா வந்த? ஆந்திரா போயிட்டன்னுல்ல நெனச்சேன்!"

"அந்தாளு வெத்தல போட்டுக்கினு மீசைய நீவறான். எங்கக்கா தாலிய அவன் கையில குடுத்துட்டு நான் ஆந்திரா போவட்டா?"

"மடையா! ஒனக்காவ வெச்ச வலடா இது!"

"தெரியும் மாமா. நீ தேன எடு."

அண்ணன் தேனடையை அறுத்துக் கூடையில் போட்டு மேலே அனுப்பினான். நத்தானியேல் சார் இலைகளில் வைத்துப் பரிமாறினார். விருந்தாளிகள் தின்றார்கள். ரேஞ்சர் காத்திருந்தார். இனி அண்ணன் மேலே வர வேண்டும். வந்தால் மூர்த்தியின் கையில் கயிற்றுக்கு வேலை இல்லை.

அண்ணன் வரவில்லை.

பாறை வெடிப்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கலைந்த தேனீக்களுக்கு நடுவில் அப்படியே நின்றான். தேனீயை விரட்டக் கொண்டுபோன புகைக்கொத்து அணைந்துவிட்டிருந்தது. பாதி பாரம் கயிற்றில்.

"கன்னியப்பா, போதும்பா, மேல வா!" என்றார் நத்தானியேல் சார்.

"வர்ல சார்."

"இன்னா வர்ல?"

"வர்ல. நான் கயித்துல இருக்கற வரிக்கும் அவன ஒருத்தரும் தொட முடியாது. இங்கியே இருக்கேன்."

மூர்த்தி மேலிருந்து சிரித்தான். "மாமா, அங்கியே வூடு கட்டிக்க. அக்காவ அனுப்பறேன்."

அந்தச் சிரிப்பைக் கேட்டு விருந்தாளிகளும் சிரித்தார்கள். பிறகு மெல்ல நின்றது. வெயில் ஏறியது. அண்ணனைத் தேனீ கொட்டுவது திட்டிலிருந்தே தெரிந்தது. அவன் முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தான். மூர்த்தியின் புஜம் விறைத்து நரம்பு புடைத்திருந்தது. வக்கார் அகமது என்னிடம் வந்தார்.

"அவன மேல வரச் சொல்லும்மா. ஃபேக்டரில லன்ச் ஆறிக்கினு இருக்கும்."

"அவன் ஏன் வரவில்லை?" என்று உர்சுலா என்னைக் கேட்டாள்.

அப்போது நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. நீ தின்ற அதே மாதிரிக் கிழங்கைச் செவ்வாய்க்கிழமை தோண்டியதற்கு அவன் லாக்கப்பில் இருந்தான். உனக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்தார்கள். மேலே இருப்பவனைப் பிடிப்பதற்காக அவனைத் தொங்கவிட்டார்கள். இவர்கள் அறுக்காத மரத்துக்கு இவர்கள் ஜெயிலுக்குப் போகப்போகிறார்கள். அண்ணனின் துண்டு நழுவி முதுகு தெரிந்தது. அதையும் காட்டினேன். நீங்கள் இங்கே இருக்கும் வரைக்கும் ரேஞ்சரால் ஒன்றும் செய்ய முடியாது. இருங்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. தேன் ஒட்டிய விரல்களை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற மூன்று பேரிடமும் அவர்கள் மொழியில் வேகமாகப் பேசினாள். அவர்கள் ரேஞ்சரைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். நாலு வெள்ளைத்தோல் இந்தப் பாறையில் உட்கார்ந்துவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் யாராவது பெரிய ஆபீசர் வந்துதான் தீர வேண்டும்.

உர்சுலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். இப்படி ஒரு காரியத்தில் தங்களால் பங்கெடுக்க முடியாது என்றாள். தாங்கள் இங்கே நிற்பதே இதற்கு ஆதரவு கொடுப்பது போலாகும் என்றாள். இந்த நடையை இனி யாரும் பார்க்க வரக் கூடாது என்று தன் ஆட்களிடம் சொல்லப்போவதாக உறுதி கொடுத்தாள்.

உடனே கிளம்பினார்கள்.

இருங்கள் என்று கத்தினேன். அவள் திரும்பி, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்துவிட்டு, இறங்கிப் போனாள். மரியாதை செய்தாளாம்.

"இன்னாம்மா இப்பிடிப் பண்ணிட்ட?" வக்கார் அகமது குடையை மடக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடினார். "ஒன் வூட்டுக் கதையெல்லாம் எதுக்கும்மா அவங்களுக்கு? ஆர்டர் போயிடும்மா!" நத்தானியேல் சார் என்னைப் பார்க்காமலேயே போனார். டிரஸ்ட்டுக்கு அதற்கப்புறம் நான் போகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை.

குரல்கள் சரிவில் தேய்ந்து மறைகிற வரைக்கும் ரேஞ்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெஸ்ட்டுங்க போயாச்சு," என்றார். "இப்ப நீங்க எல்லாரும் அத்துமீறி உள்ள இருக்கீங்க. கயித்த வாங்குய்யா அவன்கிட்டேர்ந்து."

கார்டு கிட்டே போனார். மூர்த்தி கயிற்றை இன்னொரு சுற்று இடுப்பில் இழுத்தான்.

"தொடாத சார். தொட்டா ரெண்டு பேரும்தான் போவோம்."

"போங்கடா," என்றார் ரேஞ்சர். குரலை உயர்த்தவே இல்லை. "தேனுக்குப் போயி விழுந்துட்டானுங்கன்னு எழுத எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

நான் நடுவில் போய் நின்றேன். "நானும்தான் காட்டுக்குள்ள வந்திருக்கேன். வாரா வாரம் வந்திருக்கேன். எம்பேரையும் எழுது. என்னையும் இழு."

"நீ படிச்ச பொண்ணும்மா. ஓரமா நில்லு," என்றார்.

என்னை அடித்திருக்கலாம். பட்டம் வாங்கிய அன்றைக்குக்கூட யாரும் என்னைப் படிச்ச பொண்ணு என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. கார்டு என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டுக் கயிற்றில் கை வைத்தார்.

"மச்சான்!" கீழேயிருந்து அண்ணனின் குரல் வந்தது. தடித்துப்போயிருந்தது. உதடு வீங்கிவிட்டது போல. "இழுடா. வர்றேன்."

"வராத மாமா. நான் புடிச்சிக்கினுதான் கீறேன்."

"ஒங்கை நடுங்குதுடா. கயித்துல தெரியுது எனக்கு."

"அது காத்து."

"காத்துதான் மச்சான். இழு."

மூர்த்தி இழுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, பிடி பிடியாக இழுத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான், ஆனால் இழுப்பது ஒரு இடத்திலும் தடைப்படவில்லை. விளிம்பில் அண்ணனின் கை தெரிந்தது. பிறகு முகம். என் அண்ணன் முகம் என்று சொல்ல முடியாது அதை. கண் இரண்டும் வீக்கத்துக்குள் போய்விட்டிருந்தன. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கையால் துழாவினான். அந்தக் கையைத்தான் கார்டு முதலில் பிடித்து விலங்கு மாட்டினார். தேன் கூடையையும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். சாட்சிப் பொருளாம்.

பிறகு மூர்த்தியிடம் வந்தார்கள். கயிற்றை விடுடா என்றார்கள். அவன் விடவில்லை. பிடிவாதம் என்று நினைத்து ஒருவர் மணிக்கட்டில் லத்தியால் தட்டினார்.

"சார், நான் வுட்டுட்டேன் சார்," என்றான் மூர்த்தி. "வெரலு தொறக்க மாட்டேங்குது."

அது உண்மைதான். இரண்டு கைகளும் கயிற்றின்மேல் மடங்கி, விரல் எல்லாம் வெளுத்து, மரக்கட்டை போல இறுகிக் கிடந்தன. கார்டு ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தார். மூர்த்தி அலறினான்.

அண்ணி எழுந்து வந்தாள். சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவன் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்து, முந்தானையால் பொத்தி, தேய்த்துவிடத் தொடங்கினாள்.

"மாமா மேல வந்துட்டாராக்கா?"

"வந்துட்டாரு."

"முழுசா?"

"முழுசா வந்துட்டாரு. வுடு."

சுண்டு விரலைத் தேய்த்துத் தேய்த்து நிமிர்த்தினாள். அடுத்த விரல். அதற்கு அடுத்தது. கார்டு விலங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்து நின்றார். அண்ணி அவசரப்படவில்லை. வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையைத் திறந்து, அவரிடம் கொடுத்தாள்.